நூற்று எண்பத்துமூன்று பேருக்கு ஒரே பசி

நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறேன். தலையைக் கிள்ளி, அதோடு குடலையும் ஒரே இழுப்பாக இழுத்து, மீனைச் சட்டியில் போட்டு அடுத்ததை எடுக்கிற வேலைக்கு விரல் போதும், மனசு வேண்டாம். அதனால் மனசு தன் பாட்டுக்குக் கிளம்பி, பஸ் ஏறாமல் டிக்கெட் எடுக்காமல், சீயோன்மேட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே போனால் எல்லாரும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது.

சீயோன்மேடு எங்கள் ஏக சரீர சபைக்குத் தலைமையிடம். தேரி என்கிற செம்மணல் காட்டுக்கு நடுவில், ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் முந்திரி காய்க்கிற கொல்லாந்தோப்பு, எட்டிப் பார்த்தால் தூரத்தில் உப்பளம் வெள்ளையாகத் தெரியும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி அங்கே போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு. என் வீட்டுக்காரர் கிருபைராஜ் சபை அச்சகத்தில், தெருவில் கொடுக்கிற கைப்பிரதி அடிக்கிற வேலையில் இருந்தார். அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல 'என்' என்கிற சொல்லையும் கழற்றிவிட வேண்டும். என் தட்டு கிடையாது, நம்ம தட்டு. என் சீப்பு கிடையாது, நம்ம சீப்பு. வெளுத்த துணியெல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும், அளவு பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இந்த வாரம் நான் உடுத்திய சேலையை அடுத்த வாரம் அடுக்களைப் பொறுப்பாளர் பாக்கியலீலா அக்கா உடுத்தியிருப்பாங்க. பிள்ளைகளும் அப்படித்தான், தொட்டில்களெல்லாம் ஒரே கூடத்தில் வரிசையாகத் தொங்கும், எது அழுகிறதோ அதைக் கிட்டே இருக்கிறவள் தூக்குவாள். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அந்த ஐப்பசியில் இருபத்தொரு நாள் ஜெபம் வைத்தார்கள். நாம் ஒரே சரீரம் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அது நிசமாகவே ஆகட்டும் என்பதுதான் வேண்டுதல். எங்கள் மூப்பர் ஞானாயுதம் ஐயா, எழுபத்தொரு வயசு, ஈர்க்குச்சி மாதிரி உடம்பு, முழங்காலில் நின்று நின்று இரண்டு முட்டியும் ஒட்டகத்துக்குப்போலக் காய்த்திருக்கும், அவர் முன்னால் நிற்க, அவரோடு சேர்த்து நாங்கள் நூற்று எண்பத்துமூன்று பேரும் நின்று கேட்டோம். இருபத்திரண்டாம் நாள் காலையில் அது கிடைத்தது.

கிடைத்தது எங்களுக்கு உடனே தெரியவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்றிருந்தோம். முதல் ஆளாக நின்றவர் யேசுவடியான் அண்ணன், முன்னே பனையேறியவர், மலை மாதிரி ஆள், விறகு வண்டியோடு போக வேண்டும் என்று அவசரமாக நாலு அகப்பைக் கஞ்சியை நின்றவாக்கில் குடித்துவிட்டுக் கையைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் தட்டை நீட்டாமல் கீழே வைத்தார். அதற்குப் பின்னால் நின்றவரும் வைத்தார். வரிசை முழுக்கத் தட்டு தட்டாகக் கீழே வைக்கிற சத்தம்.

"என்னவே, கஞ்சி வேண்டாமா?" என்று லீலாக்கா அகப்பையோடு கேட்டாங்க.

"நெறஞ்சுட்டுக்கா."

"என்னத்தத் தின்னு நெறஞ்சுது? காத்தையா? அடிப்பிடிச்சிருக்குன்னு மொகத்துக்கு நேரச் சொல்லிட்டுப் போங்க, நான் ஒண்ணும் அழ மாட்டேன்."

சொல்லும்போதே அழுதாங்க. அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்க்கப் போனவங்க, கை பாதியில் நின்று, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மெல்ல ஒரு ஏப்பம் விட்டாங்க. மத்தியானத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யார் ஒருவர் சாப்பிட்டாலும் நூற்று எண்பத்துமூன்று பேருக்கும் வயிறு நிறைகிறது, ஒருவரும் சாப்பிடாவிட்டால் நூற்று எண்பத்துமூன்று பேரின் பசியும் ஒவ்வொருவர் வயிற்றிலும் வந்து உட்காருகிறது. மூப்பர் ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேட்டோம், தந்திருக்கார். இதுல என்ன ஆச்சரியம்? ஆச்சரியப்படுறவன் நம்பாம கேட்டவன்லா" என்று சொல்லிவிட்டார். அப்புறம் யார் ஆச்சரியப்படுவது?

ஆச்சரியப்படவில்லையே தவிர, ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. எல்லாருக்காகவும் சாப்பிட ஓர் ஆள் வேண்டும். அதற்கு அடிபிடி வரும் என்று நினைத்தார்கள், ஒருவரும் முன்வரவில்லை, ஏனென்றால் நூற்று எண்பத்துமூன்று பேர் வயிற்றை நினைத்துக்கொண்டு சாப்பிடுவது சாமானியமில்லை. கடைசியில் யேசுவடியான் அண்ணன் தலையில் கட்டினார்கள், போஜன ஊழியம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். நாளைக்கு மூன்று வேளை, ஜெபித்துவிட்டு, அவர் ஒரு பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார், நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தபடியே நிறைவோம், நான் தொட்டில் கூடத்திலும், என் வீட்டுக்காரர் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலும், மூப்பர் ஐயா முழங்காலிலும். யேசுவடியான் அண்ணன் ஒரு மிளகாயைக் கூடுதலாகக் கடித்தால் எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு எரியும். மொச்சைக் குழம்பு வைத்தால் தோட்டத்திலிருந்து ஆள் ஓடி வரும். "அண்ணே, கும்பிட்டுக் கேக்கேன், மொச்சை மட்டும் வேண்டாம்ணே, சாயங்காலம் மூணு மணி நேர ஆராதனை இருக்கு" என்பார்கள். அவர் பாதி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு மனுசன் நிம்மதியா ஒரு வாய் திங்க முடியுதா இந்தச் சபையில" என்று சலித்துக்கொள்வார். ஆனாலும் ஒரு நாளும் வேளை தப்பியதில்லை, காய்ச்சலில் படுத்தபோதுகூட எழுந்து உட்கார்ந்து, எங்களுக்காக, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

ஏழு அடுப்பு எரிந்த அடுக்களையில் ஒரு அடுப்பு எரிந்தது. மிச்சமான அரிசியை மூட்டை மூட்டையாக உப்பளத்துக்காரர் தெருவுக்கு அனுப்பினார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது, அந்தத் தெருவில் அடுப்பும் கிடையாது. அந்த வருஷம்தான் அங்கே மழைக்காலத்தில் புகை எழும்பியது, நாங்கள் மாடியில் நின்று பார்த்தோம், நானும் பார்த்துக் கண் கலங்கினேன். இதை நான் சொல்லாமல் விட்டால் பாவம். அது நல்ல காரியம்தான்.

அந்த நல்ல காரியத்துக்குள்ளேதான் பிள்ளை மெலிந்துகொண்டிருந்தது.

நான் பெற்ற எப்சிபாளுக்கு அப்போது நாலு மாசம். அந்த வருஷம் சீயோன்மேட்டில் பால்குடி மாறாத பிள்ளை அது ஒன்றுதான். யேசுவடியான் அண்ணன் சாப்பிட்டால் அதற்கும் வயிறு நிறையும், நிறைந்த வயிறோடு சிரித்துக்கொண்டு கிடக்கும், நான் மடியில் போட்டுப் பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அவர் சாப்பிட்ட பலமும் வந்து சேர்ந்தது, ஒருவரும் இளைக்கவில்லை. பிள்ளைக்கு நிறைவு மட்டும்தான் வந்தது. சோற்றுப் பலம் பால்குடிப் பிள்ளையின் உடம்பில் எங்கே ஒட்டும்? ஆனால் அது அழவில்லை. அழாத பிள்ளை என்று பெயராகிவிட்டது. "பரலோகத்துப் பிள்ளைலா இது, பசின்னா என்னன்னே தெரியாது" என்று கூட்டத்தில் சாட்சி சொன்னார்கள். வெளியூர்க் கிளைச் சபையிலிருந்து வேன் பிடித்து வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். வேறெந்த ஊரிலாவது ஒரு பிள்ளை பால் குடிக்காமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம்.

நான் துணியை எண்ணினேன். ஒரு நாளைக்குப் பத்து துணி நனைக்கிற பிள்ளை ஆறு நனைத்தது, அப்புறம் மூன்று. தொடையில் இருந்த மடிப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தலையில் உச்சிக்குழி, விரலை வைத்தால் பதிகிற மாதிரி, உள்ளே இறங்கியிருந்தது. எனக்கோ பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது, பின்பக்கம் போய் யாரும் பார்க்காமல் பப்பாளிச் செடி மூட்டில் பீய்ச்சிவிட்டு வருவேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூப்பரய்யாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்ல?"

"பிள்ளை இளைக்குன்னு."

"எந்தப் பிள்ளைன்னு கேப்பாங்களே. நம்ம பிள்ளைன்னா, இங்க நாப்பது பிள்ளை இருக்கு, எல்லாம் நம்ம பிள்ளைதான்னு சொல்லுவாங்க." அவர் கையிலிருந்த அச்சு மையைத் துணியில் துடைத்தபடியே இருந்தார். அவரும் என்னை மாதிரிதான், இரண்டு வாயில்லாதவர்களைக் கட்டிவைத்தால் இப்படித்தான்.

லீலாக்காவிடம் போனேன். அக்கா பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய், அன்றைக்கு மத்தியானம் யேசுவடியான் அண்ணனுக்குச் சோறு போடவில்லை. அரிசி ஊறுகிறது, விறகு ஈரம் என்று சாக்குச் சொன்னாங்க. மூன்று மணிக்குப் பசி வந்தது பாருங்க, அது ஒரு ஆளுடைய பசியா? நூற்று எண்பத்துமூன்று பேரின் பசி ஒரே நேரத்தில் ஒவ்வொருவரையும் பிடித்துக்கொண்டது. எழுதுகிறவர் எழுத்தை விட்டார், இறைக்கிறவர் வாளியை விட்டார், தோப்பில் நின்ற ஒருவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நாலு கொல்லாம்பழத்தைத் தின்றுவிட்டார், எல்லாருக்கும் அடங்கிவிட்டது. எப்சிபாள் வாயைத் திறக்கப் போனாள், மூடிக்கொண்டாள். "எல்லாரும் ஒத்துக்கிட்டுப் பட்டினி கெடந்தாத்தான் பிள்ளைக்குப் பசிக்கும்ட்டி" என்றாங்க லீலாக்கா. "சபையில சொல்லு. நான் சொன்னா, அடுப்பை மறுபடியும் எரிக்க ஆசைப்பட்டுச் சொல்லுதேன்னு நெனைப்பாங்க. நீ சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். எங்கள் வழக்கம், ஒவ்வொருவரும் எழுந்து அந்த வாரம் தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்ல வேண்டும். நான் மூன்று வருஷமாக எழுந்து "ஸ்தோத்திரம்" என்று ஒரே சொல் சொல்லி உட்கார்ந்துவிடுவேன், அடுத்த ஆள் எழுவதற்குள் நான் உட்கார்ந்து முடித்திருப்பேன். அன்றைக்கு எழுந்தேன். ஸ்தோத்திரம் என்றேன். உட்காரவில்லை. அடுத்து எழுந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என் பிள்ளைக்குப் பசிக்கணும்" என்றேன்.

மூப்பர் ஐயா முன்னாலிருந்து, கோபமில்லாமல், காது கேட்காதவர் கேட்கிற மாதிரி, "யார் பிள்ளைக்கும்மா?" என்று கேட்டார். அதிலேயே திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வழி வைத்துத்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும்.

"என் பிள்ளைக்குங்கய்யா."

சீயோன்மேட்டில் முப்பது வருஷமாக ஒருவரும் சொல்லாத சொல். பெண்கள் பக்கம் யாரோ "ஐயோ" என்றார்கள். யாரோ, "உப்பளத்துத் தெருவுல எத்தனை பிள்ளை சாப்பிடுது, அதெல்லாம் பிள்ளை இல்லையாமா?" என்று மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது. மூப்பர் ஐயா எழுந்து, முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து பெண்கள் பக்கம் வந்தார். பிள்ளையை வாங்கினார். அது அவர் தாடியைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதன் உச்சியில் உள்ளங்கையை வைத்தார், வைத்தவர் எடுக்கவேயில்லை.

"நாம இதைச் சாட்சின்னுலா பாடிக்கிட்டு இருந்தோம்" என்றார். அப்புறம், "இப்ப இருந்து யாரும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தண்ணி குடிக்கலாம். இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிற வரைக்கும்" என்றார்.

உபவாசம் எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் முன்னெல்லாம் அவரவர் பசியோடுதான் அவரவர் இருந்தோம். இது வேறே. ஞாயிறு சாயங்காலமே அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பாயில் சுருண்டுகிடந்தார்கள், பெரியவர்கள் அவர்களுக்கு வெந்நீர் கொடுத்துக் கதை சொன்னார்கள். நானும் சாப்பிடக் கூடாது, நான் ஒரு வாய் தின்றாலும் அவளுக்கு நிறைந்துவிடும். தின்னாவிட்டால் பால் வற்றிவிடும். அவளுக்குப் பசி வருகிற வரைக்கும் எனக்குப் பால் வற்றாமல் இருக்க வேண்டும் என்று மாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கல்லாக இருந்தது இளகிவிட்டிருந்தது. அது முதல்தடவையாக என்னைப் பயமுறுத்தியது.

திங்கள் மத்தியானம் எப்சிபாள் கையைச் சப்பினாள். முகம் கோணியது. கூடத்தில் இருந்தவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். அப்போது எங்கள் எல்லார் வயிற்றிலும் கதகதவென்று ஒரு நிறைவு இறங்கியது. அவள் கையை விட்டாள், சிரித்தாள்.

யார் என்று மூப்பர் ஐயா கேட்க வேண்டியிருக்கவே இல்லை. யேசுவடியான் அண்ணன் விறகுக் கொட்டகையிலிருந்து தானாகவே வந்தார், வாயோரம் கருப்பட்டி ஒட்டியிருந்தது, அவ்வளவு பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுதார். "சின்னப் பிள்ளையெல்லாம் துடிக்குதுய்யா. எனக்காவா தின்னேன்? கை தன்னால போகுதுய்யா, எத்தனை நாளா உங்களுக்காகத் தின்னு பழகின கை." அவரை யாரும் ஏசவில்லை. நான்கூட ஏசவில்லை. லீலாக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாங்க. "இனி இது எந்திரிக்கட்டும் பாப்போம். ஏழு அடுப்பை அடக்குன கை இது, உம்ம கையை அடக்காதா?"

மறுபடி முதலிலிருந்து. செவ்வாய் முழுக்க. நாங்கள் பேசவில்லை, பேசினால் பசி கூடியது. அடுக்களையின் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே கருப்பட்டியும் அவலும் வாழைத்தாரும் கண்ணுக்கு முன்னால் கிடந்தன, ஒரு கை போகவில்லை. எந்தப் பிள்ளையையும் என் பிள்ளை என்று சொல்லாத நூற்று எண்பத்தோரு பேர், நான் என் பிள்ளை என்று சொன்ன ஒன்றுக்காக, மதிலில் சாய்ந்தும் தூணில் சாய்ந்தும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தும் உட்கார்ந்திருந்தார்கள், உப்பளத்து அரிசியைப் பற்றி முணுமுணுத்தவரும் அதில் இருந்தார்.

புதன்கிழமை காலை, வெயில் தொட்டில் கூடத்துக்குள் விழுகிற நேரத்தில், எப்சிபாள் அழுதாள். முதலில் பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் அந்த நூற்று எண்பத்துமூன்று பேரின் பசியும் ஒரு சின்ன வாயைக் கண்டுபிடித்து அது வழியாக வெளியே வந்ததுபோல ஒரு அழுகை, தேரிக்காட்டில் ஆடு மேய்த்தவர்கள்கூட நின்று கேட்டார்களாம். "ஏட்டி எடு, எடு" என்றாங்க லீலாக்கா. எடுத்தேன். பிடித்தாள். பால் இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தேன், இருந்தது. இழுத்து இழுத்து, மூக்கு விடைக்க, தொண்டையில் மொடுக் மொடுக்கென்று சத்தம் கேட்க அவள் குடித்தாள். கூடத்தில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். யேசுவடியான் அண்ணனின் கை லீலாக்கா மடியில் விரிந்தது. மூப்பர் ஐயா தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஒரு அரைப்படிப் பால்கூட இருக்காது. அத்தனை பேருக்கும் போதுமாயிருந்தது.

அதற்கப்புறம் மூப்பர் ஐயாவே முன்னால் நின்று, சரீரம் ஒன்றாக இருக்கட்டும், வயிறு மட்டும் அவரவரிடம் திரும்பட்டும் என்று ஜெபித்தார். அதுவும் கிடைத்தது, ஆனால் ஒரே நாளில் இல்லை, ஒரு வாரமாகப் பிரிந்து பிரிந்து கிடைத்தது. ஏழு அடுப்பும் எரிந்தன. உப்பளத்துத் தெருவுக்கு அரிசி வாரம் ஒருநாள் என்று குறைந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை, இரண்டு வருஷம் கழித்து அச்சகத்தை மூடியபோதுதான் நாங்கள் டவுனுக்கு வந்தோம். எப்சிபாள் இப்போது ஒன்றாம் வகுப்பு, தொடை மடிப்பு விழாத வயசு, ஓட்டமும் சண்டையுமாகத் திரிகிறாள்.

அவள் பால் குடித்ததற்கு அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து, அந்தப் பால் தங்களுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று சொன்னார்கள். "சோறு வந்தா கனமா வரும், இது வெளிச்சம் வாறாப்புல வந்தது" என்றார் யேசுவடியான் அண்ணன். லீலாக்கா எழுந்து, "குறை சொல்லக் கூடாது, உப்பு மட்டும் இல்ல" என்றதும் சபையே சிரித்தது. மூப்பர் ஐயா கடைசியாக எழுந்தார். "என்னைப் பெத்தவ பெத்த அன்னைக்கே போயிட்டா. எழுபத்தோரு வருசமா நான் குடிச்சதில்ல. இப்பக் குடிச்சேன்." அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்தார், அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டார். என் முறை வந்தபோது நான் எழுந்து "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் மேலே கேட்கவில்லை. கொடுத்தவளிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நானும் மூன்று நாள் பட்டினி கிடந்தவள்தானே, அவள் குடித்தபோது எனக்கும் வயிறு நிறைந்ததே, என்னிடமிருந்து போனது அத்தனை பேரையும் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்ததே, அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லலாம் போல இருக்கிறது. அது வயிற்றில் தொடங்கவில்லை பாருங்க, முதலில் இந்த இரண்டு தோளுக்கும் நடுவில், பின்னால் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து நம்மைத் தன் மடியில் சாய்த்துக்கொள்கிற மாதிரி லேசாக ஒரு சூடு, திரும்பிப் பார்த்தால் அங்கே யாருமில்லை, ஆனால் எனக்கு அது யார் என்று தெரிந்தது, அது

"ஜெபக்கனி! ஏ ஜெபக்கனி! தெருமுக்குல ஓம் பிள்ளை மல்லுக்கு நிக்கா, ஓடியா!"

இந்தா வாறேங்க்கா, கையெல்லாம் மீன், கழுவிட்டு வாறேன், அது யாருன்னா